வரைபடத்தில் நாம் விரல் வைக்காத தீவு

அக்கா,

உங்கள் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். சுவரில் மாட்டியிருந்த உலக வரைபடத்தை உங்கள் மகன் கழற்றிச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டான். "குப்பையில போட மனசு வரல ஆன்ட்டி, நீங்களே வெச்சிக்கோங்க" என்றான். அம்பத்தூரிலிருந்து முகப்பேர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அது என் கட்டிலில் விரிந்து கிடக்கிறது. தீவுகள் இருக்கும் இடமெல்லாம் உங்கள் விரல் பட்டுப் பட்டுப் பிசுக்கேறியிருக்கிறது. ஒரு தீவு மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே பளிச்சென்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

பிஸ்கட் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நீங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை ஆரம்பித்தீர்கள். இந்த வரைபடத்தை மாட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கேட்டீர்கள்: "பெரிய பெரிய தேசத்துக்கெல்லாம் ஜெபிக்க ஆளுங்க நெறைய கீறாங்க. இந்தக் கடல் நடுவுல தனியா கீற தீவுங்களுக்கு யாருடி கீறாங்க? புயல் வந்தா அங்க அடுப்பு அவிஞ்சி பூடுது, புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க."

அன்றிலிருந்து நம் ஜெபம் தீவுகளுக்கானதாகிவிட்டது. ஹெய்ட்டி, மடகாஸ்கர், கொமொரோஸ், வனுவாட்டு என்று நீங்கள் ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "அங்க அடுப்பு எரியணும் ஆண்டவரே" என்று சத்தமாகக் கேட்பீர்கள். பாதிப் பெயர்கள் நம் வாயில் நுழையாது. "அவருக்குப் புரியும், நீ சொல்லு" என்பீர்கள். உபவாசம் முடிக்கிற மூன்று மணிக் கஞ்சிக்காக நான் கடிகாரத்தைப் பார்த்தால், மூடிய கண் மூடியபடியே என் தொடையில் கிள்ளுவீர்கள். நான் உங்களைக் கேலி செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் விசுவாசத்தை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

சுகந்தி நம்மிடம் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். மன்னாரிலிருந்து சின்ன வயதில் படகில் வந்தவள், முகாமில் வளர்ந்தவள், முத்தாபுதுப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். நம்மோடு நம்மைப் போலவே பேசுவாள். ஊரிலிருந்து போன் வந்தால் மட்டும் மாடிப்படியில் போய் நின்று அவளுடைய பேச்சில் பேசுவாள். அவள் வந்த முதல் வாரமே நீங்கள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ நம்ம பொண்ணு. அந்த ஊருப் பேச்சை எடுத்து யாரும் அவ மனசைக் கலைக்காதீங்க" என்று கண்டித்துச் சொன்னீர்கள். நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதை நாம் அன்பு என்றுதான் நினைத்தோம்.

அவள் பிறந்த நாட்டில் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். பால் பவுடர் விற்கும் விலையைப் பற்றி நாமும் பேசினோம், உச்சுக்கொட்டினோம். பக்கத்து வீட்டுச் சங்கதி போலப் பேசி முடித்துவிட்டு, கண்ணை மூடி மடகாஸ்கரின் பசிக்காக ஜெபித்தோம். அந்த நாட்களில் சுகந்தி ஒவ்வொரு வெள்ளியும் அழுதாள். முட்டியோடு முட்டி இடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான். ஆவியானவர் அவளைத் தொடுகிறார் என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னேன். நீங்கள் எல்லார் முன்னாலும் அவளைக் காட்டி, "ஜெபபாரம்னா இன்னான்னு சுகந்தியைப் பார்த்துக் கத்துக்கங்கடி" என்றீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் தாழ்மை என்று எடுத்துக்கொண்டோம்.

வரைபடம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். கட்டிலருகே குனிந்து நின்று பார்த்தாள். நம் நாட்டுக்குக் கீழே அந்தச் சுத்தமான இடத்தில் விரலை வைத்தாள்.

"இதுதானக்கா எங்கட இடம்."

"எனக்குத் தெரியாதாடி" என்று சிரித்தேன்.

"எல்லாருக்கும் தெரியும். ஒருநாளும் ஒருத்தரும் இதில கை வைக்கேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் கோபப்படவில்லை. என்னிடம் முதல் தடவையாக அவளுடைய பேச்சில் பேசிக்கொண்டிருந்தாள். "அந்த வருசம் எங்கட தம்பியின்ர பிள்ளையள் வெறும் தேத்தண்ணியோட பள்ளிக்கூடம் போனதுகள். நான் இஞ்ச இருந்து கஞ்சி குடிச்சன். பெரியக்கா ஒவ்வொரு தீவாச் சொல்லிக்கொண்டு வருவா. அடுத்தது எங்கட பேர் வரும், அடுத்தது வரும் எண்டு பார்த்துக்கொண்டிருப்பன். அதுக்குள்ள எல்லாரும் ஆமென் சொல்லிப்போடுவியள்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே அக்கா."

பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லையாம். மூத்தவள் மட்டும் அந்த வருடம் விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்கவேயில்லை. புடவைக் கடையில் நிற்கிறாளாம். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன், அக்கா.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்போது தெரிந்திருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்து முத்தாபுதுப்பேட்டைக்குப் போய் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பீர்கள். உங்களுக்கு அதற்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது. எனக்கு இருந்தது. ஆனாலும் நேற்று நான் மன்னிப்புக் கேட்காமல், காபி போடுகிறேன் என்று சொல்லிச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

கிளம்பும்போது அவளிடம், "இந்த வெள்ளிக்கிழமை ஜெபத்தை நீயே நடத்து. உன் ஊருக்காக நீயே உன் வாயால கேளு" என்றேன். நீங்கள் போன பிறகு உங்கள் இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டால் என் பாரம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டேன் போலிருக்கிறது.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "வேண்டாமக்கா. நீங்களே சொல்லுங்கோ. நான் ஆமென் மட்டும் சொல்லுறன். அதுக்குத்தானே இவ்வளவு நாளும் வந்துகொண்டிருந்தனான்."

நாளை வெள்ளிக்கிழமை. அந்தப் பெயரை நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு என் பக்கத்திலிருந்து வரப்போகும் அவளுடைய அந்த ஒரு ஆமெனை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை, அக்கா.