கருவாட்டுப் பொதிக்குள் பத்துக் குளிசை

கற்பிட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாப்பாவுக்கு மகள் றிஸ்மியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாருக்கும் சுகம். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போடுவார், றுக்கியா மாமி தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து உட்காருவார், அஸர் தொழுகைக்குள் நம் வீட்டுக் கதை பள்ளிவாசலைத் தாண்டிவிடும்.

முதலில் ஒன்று. கருவாட்டுப் பொதியை இனிமேல் கிளற வேண்டாம். நீங்கள் தேடுகிற பத்துக் குளிசையும் அதற்குள் இல்லை. கட்டாக் கருவாட்டுக்கும் சுறாக் கருவாட்டுக்கும் நடுவில், பொலித்தீனில் சுற்றி உம்மா வைத்திருந்தார். எந்தச் சுங்க அதிகாரியின் மூக்கும் அவ்வளவு தூரம் வராது என்பது அவருடைய கணிப்பு. அதே பொலித்தீனில் இப்போது இந்தக் கடிதம் இருக்கிறது. மணத்தை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் கண்டுபிடித்த விதம் இதுதான். கவனம் சிதறாமலிருக்க எனக்குக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு எண்ணித்தான் குளிசை தருவார்கள். நானும் ஒவ்வொரு வெள்ளியும் எண்ணுவேன். பத்துக் குறைந்தது. உம்மாவிடம் கேட்டேன், எலி தின்றிருக்கும் என்றார். அப்படியென்றால் அந்த எலி இந்நேரம் ஓரிடத்தில் அமைதியாக இருந்து கணக்குச் செய்துகொண்டிருக்கும் என்றேன். உம்மா சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

நீங்கள் போனில் சொன்னதை நானும் கேட்டேன், வாப்பா. வேனின் பின்கதவைப் பூட்ட மறந்ததும், மேம்பாலத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டதும், இன்னொரு முறை மறந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னதும் எனக்குத் தெரியும். மகளின் குளிசையில் கொஞ்சம் அனுப்பு என்று நீங்கள் பயத்தில்தான் கேட்டீர்கள். போன வருடம் டொக்டர் எனக்கு ஏ.டி.எச்.டி. என்று சொன்னபோது, "எங்கட குடும்பத்துல இப்பிடி ஆரும் இல்ல" என்றீர்கள்.

ஆனால் குளிசையை அனுப்ப முடியாது. குளிசைப் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்கும். மற்றவர்கள் அதில் கடலை சுற்றுவார்கள். நான் அகராதியோடு இரண்டு தடவை வாசித்தேன். இந்தக் குளிசை நெஞ்சை வேகமாக அடிக்க வைக்கும், பிரஷரை ஏற்றும். நீங்களோ பிரஷரை இறக்கக் குளிசை போடுகிறீர்கள். இரண்டும் உங்கள் உடம்புக்குள் கயிறிழுத்தால் யார் வெல்வார் என்று பார்க்க எனக்கு விருப்பமில்லை. அதோடு ஒரு நாளைக்கு ஒன்பது பிளேன்டீ, தூக்கம் வராமலிருக்கத் தகர டின்னில் விற்கிற அந்தப் பானம், ஏசிக் குளிருக்குச் சளிக் குளிசை. எல்லாம் ஒரே பக்கம் நின்று இழுக்கிற ஆட்கள்.

சளிக் குளிசையைப் பற்றி நான் தாளில் மட்டும் படிக்கவில்லை. எனக்குத் தடிமன் வந்தபோது மாமி தன் கைப்பையிலிருந்து மூக்கடைப்புக் குளிசை ஒன்றைத் தந்தார். மேலதிகமாக ஒரு கோப்பை கடுங்கோப்பியும் தந்தார். என் குளிசையையும் காலையில் போட்டிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் நெஞ்சு தோணி இஞ்சின் மாதிரி அடித்தது. மாமி ஓதி ஊதினார். இஞ்சின் நிற்கவில்லை. த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று தடவை பிரஷர் பார்த்துவிட்டு, மாமியின் கைப்பையையும் பரிசோதித்தார்கள். அதற்குள் பதினொரு வகைக் குளிசை இருந்தது. நான்கின் பெயர் மாமிக்கே தெரியாது.

போன கிழமை கிளினிக்கில் மருந்து தருகிற யூஜீனியா மிஸ்ஸிடம், சும்மா ஒரு சந்தேகம் என்று சொல்லி, உங்களைப் பற்றிக் கேட்டேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மகள், இது ஒராளுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. மற்றாள் போட்டா கிழியிறது சட்டை இல்ல, ஆள்" என்றார். முதலில் நெஞ்சையும் பிரஷரையும் பார்க்க வேண்டும், போடுகிற எல்லா மருந்தையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் தருவதா இல்லையா என்று அவர் முடிவெடுப்பார் என்றார்.

இன்னொன்று. நீங்கள் இருக்கிற நாட்டில் இந்த வகைக் குளிசைக்குக் கட்டுப்பாடு அதிகம். கடிதமும் அனுமதியும் இல்லாமல் பிடிபட்டால் கேள்வி உங்களிடம் வராது, பொதி கொண்டுவருகிற இஸ்ஸதீன் நானாவிடம்தான் வரும். பாவம், ஏழு வீட்டுப் பொதியையும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். பொதிக்குள் என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

உம்மா லுஹர் தொழும்போது பொதியின் தையலைப் பிரித்தேன். தொழுது முடித்ததும் நானே சொல்லிவிட்டேன். உம்மா தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தார். பிறகு, "உன்ட வாப்பாட வேலை போனா நீதான் பதில் சொல்லோணும்" என்றார். ஓம் என்றேன். உம்மா ஊசியில் நூலைக் கோத்துப் பொதியைத் திரும்பத் தைக்கத் தொடங்கினார். கடிதம் எழுதி முடியும்வரை ஒரு பக்கத்தைத் தைக்காமல் விட்டிருக்கிறார்.

பதில் சொல்வதென்றால் எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். குளிசை போட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிடாது, வாப்பா. குளிசையோடு நான் பாதிக் காரியத்தைக் கொப்பியில் எழுதித்தான் செய்கிறேன். நீங்களும் வேன் கதவுக்கு ஒரு வழி செய்யுங்கள். சாமான் இறக்கும்போது உங்கள் போனைப் பின்கதவுக் கொளுக்கியில் தொங்கவிடலாம், அதை எடுக்கப் போகும்போது கதவு கண்ணில் படும். போனையே மறந்துவிடுவீர்கள் என்றால் செருப்பைத் தொங்கவிடுங்கள்.

கட்டாயம் அங்கே டொக்டரிடம் போங்கள். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்பார். இங்கே என் டொக்டரும் என்னிடம் கேட்டார். வெட்கப்படாமல் சொல்லுங்கள். சின்ன வயதில் கடைக்குப் பாண் வாங்கப் போன நீங்கள் மீன்வாடியில் ஒரு நாள் முழுக்கத் தோணி தள்ளிவிட்டு வெறுங்கையோடு வந்ததை மாமி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன். இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சை நிதானமாக அடிக்க வைப்பானாக. டொக்டரிடம் போய் வந்த அன்றைக்கு ஸ்பீக்கரில் வேண்டாம், என்னை மட்டும் கூப்பிடுங்கள்.

உங்கள் துஆவை வேண்டும் மகள்,
றிஸ்மியா