அவரிடமே வாங்கின பூட்டு

அன்பு மகளுக்கு, கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகமாயிருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் பிரார்த்தனை.

உன் பேரில் இருக்கிற பின்பக்கத்து மனையைக் கோர்ட் உத்தரவுப்படி திங்கட்கிழமை காலி செய்துவிட்டார்கள். கோர்ட் அமீனா உன் பெயரைத் தெருவே கேட்கும்படி வாசித்தார், உன்னையே நிற்க வைத்துத் திட்டுவது போல எனக்கு இருந்தது. இத்தனை வருஷமாகக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த பூட்டுக்காரர் தாமே சட்டிபானைகளை வெளியே எடுத்து வைத்தார். அவர் மச்சான்தான், "எவன் இங்க கால் வைக்கிறான்னு பாத்துடறேன்" என்று கல்லை எடுத்தான், போலீஸ் பிடித்து மிரட்டி அனுப்பிவிட்டது.

இதில் நான் செய்த கூத்தைக் கேள். கேட்டில் போடப் புதுப் பூட்டு நாம்தான் கொண்டுவர வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அப்பா என்னை அனுப்பினார், நான் பழக்க தோஷத்தில் கடைத்தெரு முனையில் கடை விரித்திருக்கிற அதே பூட்டுக்காரர் முன்னால் போய் நின்றுவிட்டேன். பூட்டைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. "எதுக்கும்மா, வீட்டுக்கா?" என்று கேட்டார். சாமி கும்பிடுகிற வாயில் பொய் வரவில்லை, பின்பக்கத்து மனைக் கேட்டுக்கு என்றேன். அவர் நான் எடுத்ததை வாங்கி வைத்துவிட்டு, "இது ஒரு அடிக்குத் தாங்காதும்மா, என் மச்சான் முரடன்" என்று கனமான ஒன்றைக் கொடுத்து மூன்று சாவியையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

உன் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஏன்டி, ஊர்ல வேற பூட்டே கிடைக்கலையா உனக்கு? நாலாவது சாவி அவன் மடியில இருக்கும்டி" என்றார். கடைகள் அடைத்தாயிற்று, விடிந்தால் அமீனா வந்துவிடுவார், அதையே போட்டோம். அன்றிலிருந்து ஜன்னலை விட்டு நகராமல், நாய் குரைத்தாலும் டார்ச்சைத் தூக்குகிறார்.

இன்று மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தேன், கொட்டகையைப் பிரித்த இடத்தில் மரக்கட்டையோடு முடுக்கின வைஸ் மழையில் நனைந்து நிற்கிறது, சாவியை இறுக்கிப் பிடித்து அராவுகிற அந்த இரும்பு. அவசரத்தில் கழற்ற முடியாமல் விட்டிருக்கிறார். அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பே இல்லை, மனைவி பிள்ளைகளோடு மச்சான் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறார் என்று பால்காரர் சொன்னார். ஒரு தடவை உள்ளே விட்டால் மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள், வழக்கு முதலிலிருந்து தொடங்கும் என்று வக்கீல் மிரட்டி வைத்திருக்கிறார். உன் பிள்ளைக்குப் போக வேண்டிய சொத்து, எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை.

ஆனாலும் சாப்பாடு போடும்போது கேட்டே விட்டேன், அவரிடம் நாலாவது சாவி இருந்தால் அந்த வைஸ் இன்னும் அங்கேயா இருக்கும் என்று. அப்பாவுக்கு எடுத்த கவளம் கையிலேயே நின்றது. கை கழுவிவிட்டு வந்து, "ஸ்பானரை எங்க வச்சிருக்கே" என்றார்.

அவரை உள்ளே விடப்போவதில்லை, நாங்களே கழற்றித் தூக்கி வெளியே வைக்கப்போகிறோம். மச்சான் தெருமுனையில்தான் நிற்கிறானாம், கடவுள் விட்ட வழி. வக்கீல் போன் செய்தால் ஒன்றும் தெரியாது என்று சொல்லாதே, அம்மா எழுதினாள் என்றே சொல். பூட்டின் விலையை உன் மனைச் செலவில் எழுதியிருக்கிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

பி.கு. வைஸைக் கேட் வரை இழுத்துவிட்டோம், அதற்கு மேல் அப்பாவின் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மச்சான் வேகமாக வந்தான், எனக்கு உயிரே இல்லை. வெளியில் நின்றபடியே குனிந்து மறுபக்கத்தைப் பிடித்தான். கால் உள்ளே வைக்கவில்லை.