கூந்தல் ஹெல்மெட்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று மட்டும் ஒன்பது ஹெல்மெட் உடைத்தேன். அதில் ஒன்று ரொட்டி. நிஜ ரொட்டிதான். காயவைத்து, மெழுகு பூசி, வார் கோத்து அனுப்பியிருந்தார்கள். பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் இல்லாமல் சைக்கிள் ஹெல்மெட் செய்யும் போட்டி என்று யாரோ அறிவித்தாலும் அறிவித்தார்கள், எங்கள் சோதனைக்கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. முட்டை அட்டை, பீர்க்கங்கூடு, பழைய செருப்பு, காளான் என்று வந்து குவிகிறது. எல்லாவற்றையும் மாப்பிள்ளை தலையில் மாட்டி, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலிருந்து இரும்புக் கட்டையின் மேல் போடுகிறேன்.

மாப்பிள்ளை என்பது எங்கள் சோதனைத் தலை. முழு இரும்பு. தலையில் எதை வைத்தாலும் வாயைத் திறக்காது என்பதால் அந்தப் பெயர். உள்ளே இருக்கும் கருவி, விழுந்த அடியை எண்ணாகச் சொல்லும். முந்நூறுக்குள் இருந்தால் தேர்ச்சி. ரொட்டி அறுநூற்று நாற்பது. மேலாளர் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தார். தின்றுவிடுவாரோ என்று பயந்தேன்.

மாலை திரும்பும்போது எதிர்ப்பக்கம் என் மனைவி சைக்கிளில் போனாள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், வெறுந்தலையோடு. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் தலையைக் காப்பாற்றும் உத்தியோகம் எனக்கு. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

பிப்ரவரி 4

ஹெல்மெட் போடச் சொல்லி மறுபடி கேட்டேன். அதே பதில்.

"நான் முடி வெட்டற கடை வெச்சிருக்கேன். என் முடியே அமுங்கிப் போய் நான் உள்ள நுழைஞ்சா, எவ எங்கிட்ட தலையைக் குடுப்பா?"

நியாயம்தான். அதுதான் எரிச்சல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

போட்டிக்கு வந்ததில் மிஞ்சியவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீர்க்கங்கூட்டைப் பார்த்ததும், "பாத்திரம் தேய்க்கறதைத் தலையில வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். முட்டை அட்டையை வைத்துக் கண்ணாடி பார்த்தாள். கோழி வந்து உட்காருமாம். காளானை மட்டும் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இன்னும் வளருமா?"

எனக்குத் தெரியவில்லை. காளானை மாடியில் வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 12

கடையில் கூட்டிப் பெருக்கிய முடியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எதில் எதிலோ ஹெல்மெட் செய்கிறார்கள், முடியில் ஏன் செய்யக்கூடாது என்கிறாள். பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்து, பசை தடவி, முடியை அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டில் முடி. யாருடைய முடி என்று கேட்கவா முடியும்?

பிப்ரவரி 21, சனி

சோதனைக்கு ஐந்து உருப்படி வேண்டும், ஒரே மாதிரி வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஐந்து செய்துவிட்டாள். ஒன்று கொண்டை, ஒன்று சுருள், ஒன்று பக்கவகிடு, ஒன்று குட்டைமுடி, ஒன்று பின்னல்.

"உள்ள எல்லாம் ஒண்ணுதாங்க. வெளிய கூடவா ஒரே மாதிரி பண்ணுவாங்க?"

காலையில் சுருளை மாட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போனாளாம். ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்திப் புத்தி சொல்லும் போலீஸ்காரர் இவளையும் நிறுத்தியிருக்கிறார். இவள் வாரை அவிழ்த்து, கூந்தலைக் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறாள். மனுஷன் வாங்கவில்லையாம். இரண்டு எட்டுப் பின்னால் போய், போகச் சொல்லிக் கையைக் காட்டினாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"இது பாஸாயிட்டா தினமும் போடுவியா?"

"சத்தியமா."

கடவுளே, பாஸாகட்டும்.

பிப்ரவரி 24

போட்டிக்குப் பதிந்தாயிற்று. விதிப்படி ஒன்றைக் குளிரில், ஒன்றைச் சூட்டில், ஒன்றைத் தண்ணீரில் வைக்க வேண்டும். மற்ற இரண்டும் சும்மா இருக்கலாம். துப்புரவு செய்கிற அம்மா குளிர்பெட்டியைத் துடைக்கத் திறந்தார். உள்ளே கொண்டை திரும்பி உட்கார்ந்திருந்தது. அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மேலாளர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "உள்ள யாரு?" என்று கேட்டார், ஹெல்மெட்டைப் பார்த்து.

சூட்டுப்பெட்டியில் சுருள் நேராகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரி 25

கொண்டை 240. சுருள் (இப்போது நேர்) 251. பக்கவகிடு 263. குட்டைமுடி 270. மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

பிறகு தண்ணீரில் ஊறிய பின்னல்.

312.

கருவியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

மேலாளர் தோளில் கை வைத்தார். "பன்னெண்டுதானே? நம்ம வீட்டுப் பொருள். பாஸ்னு எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். ஒரே ஒரு வார்த்தை — எழுதினா நாளையிலிருந்து தினமும் போடுவா. சத்தியம் பண்ணியிருக்கா. எழுதேன். என்ன கெட்டுப்போச்சு? — ஆனா மழை வந்தா? மழைன்னா கடையைப் பூட்டிட்டு வீட்லயா உக்காரப்போறா? மழையிலதானே சைக்கிள் வழுக்கும்? வேற யார் தலையா இருந்தாலும் எழுதியிருப்பேனோ என்னமோ. இது அவ தலைடா.

'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 26

"கல்யாணமாகி உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். ஒண்ணே ஒண்ணு இல்லை, ஆயிரம் கேட்டிருக்கிறாள். வெறுந்தலையோடு கிளம்பிப் போனாள்.

பிப்ரவரி 27

பேச்சு இல்லை.

மார்ச் 2, திங்கள்

மத்தியானம் சோதனைக்கூடத்தில் வந்து நின்றாள். "அப்படி எப்படித்தான் போட்டீங்க? காட்டுங்க."

கடையில் விற்கிற சாதாரண ஹெல்மெட் ஒன்றை மாப்பிள்ளைக்கு மாட்டி, மேலே ஏற்றி, விட்டேன். சத்தத்தில் அவள் தோள் தூக்கிப்போட்டது. நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்ட சத்தம்! அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"இந்தத் தலை என்ன சைஸ்?"

"அம்பத்தஞ்சு. உன் சைஸ்தான்."

மாப்பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஹெல்மெட் இல்லாம ஒருவாட்டி போடுங்க, பாக்கலாம்" என்றாள்.

"அது முடியாது."

"ஏன்?"

"உள்ள கருவி இருக்கில்ல? உடைஞ்சிடும். மாப்பிள்ளையை வெறுந்தலையோட போடவே கூடாது, விதி."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இரும்புக்கே விதியா?" என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

மார்ச் 3

அந்தச் சாதாரண ஹெல்மெட்டிலேயே புதிதாக ஒன்று வாங்கிச் செருப்பு அலமாரி மேல் வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 4

விடிந்ததிலிருந்து மழை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். அலமாரி மேல் ஒன்றும் இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று குனிந்துகூடப் பார்த்தேன்.

பதினோரு மணிவரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கடைக்குப் போன் செய்தேன்.

"முடி எப்படி இருக்கு?"

"கேவலமா இருக்கு" என்றாள். "வெச்சிடுங்க, ஆள் காத்திட்டிருக்காங்க."