மகளுக்கு ஒரு மடங்காத கத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம், அந்த அளவில் சுகம்தான், நீ அங்கே கையும் காலும் முழுசாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்த பிறகுதான் மற்ற சுகத்தைப் பற்றிப் பேச முடியும். போனில் கேட்டால் ஒன்றுமில்லைம்மா என்று சிரித்து மழுப்புகிறாய், கொஞ்சம் அழுத்திக் கேட்டால் சிக்னல் போகிறது என்று வைத்துவிடுகிறாய், நான் கேள்வி கேட்கும்போது மட்டும் போகிற சிக்னல் அது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்தாலும் மிச்சம் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

போன கடிதத்தில் புது பூட்ஸ் குதிகாலைக் கடிக்கிறது என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ஒரு கயிறு காலில் மாட்டிக்கொண்டது, பயப்படாதே என்று எழுதியிருக்கிறாய். எப்படியடி பயப்படாமல் இருப்பது? கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நீ சொன்னபோது ஏதோ தீனி போடுவாய், கணக்கு எழுதுவாய் என்று நினைத்து ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். இப்போது பார்த்தால் கூண்டில் கட்டிய கயிறு கணுக்காலில் சுற்றி, படகு விலக விலக அது இறுகி, படகின் விளிம்புக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு தண்ணீர்ப் பக்கம் கிடந்தாயாம், பையிலிருந்த மடக்குக் கத்தியைத் திறக்கப் போனால் விரல் விறைத்து நகம் பிடிக்கவே இல்லையாம். அதற்கு மேல் எழுத்து என் கண்ணில் நிற்கவில்லை. கடிதத்தை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். பட்டறைக்குப் போய் லாரித் தார்ப்பாய் தைக்க உட்கார்ந்தால் விளிம்பில் கோர்க்கிற கயிறு ஒவ்வொன்றும் உன் காலைத்தான் தேடி வருகிற மாதிரி இருந்தது, ஒரு பாயைத் தலைகீழாகத் தைத்து வைத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பி வந்துவிடு என்று சொன்னால் வர மாட்டாய், தெரியும். உன் அத்தை வேறு வந்து, பேசாமல் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, தானாக வந்துவிடுவாள் என்றாள். கடலாவது பரவாயில்லை என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன்.

உன்னைத்தான் இழுத்துவர முடியவில்லை, கையில் உருப்படியாக ஒரு கத்தியாவது இருக்கட்டும் என்று அப்பாவை இழுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். மடங்குகிற கத்தியே கூடாது, உறையிலிருந்து உருவினால் அப்படியே கைக்கு வரவேண்டும், சின்னதாக இருக்கவேண்டும் என்றேன். கடைக்காரர் உடனே முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்துப் போட்டு, பிடிக்குள்ளேயே திசைகாட்டி இருக்குதும்மா என்றார். என் பெண் கரடியோடு சண்டை போடப் போகவில்லை என்றேன். அடுத்து மரப்பிடி போட்டது, பார்க்க அழகு, வழவழவென்று இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள் என்று வாங்கி, கையை நனைத்துப் பிடித்தால் விலாங்கு மீனாக நழுவுகிறது. அப்புறம் தோல் உறையில் பட்டன் வைத்தது ஒன்று. அவசரத்தில் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பாயா, காலைப் பார்ப்பாயா? கடைக்காரர் சலித்துப்போய், மகளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தரலாமே, கத்தி எதுக்கு, யாரை வெட்டப் போறாங்க என்றார். கயிற்றை என்றேன். கடலில் என் மகள் காலைச் சுற்றுகிற கயிற்றை. அந்த மனிதர் நேராக உள்ளே போய் இதை எடுத்து வந்தார்.

அலகின் நீளம் உன் நாலு விரல் அகலத்துக்கு மேல் இருக்காது, முனை மொட்டை, அதனால் கயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் நுழைத்தாலும் குத்தாது. அடிப்பக்கம் கொஞ்ச தூரத்துக்குப் பல் வைத்திருக்கிறது, தடித்த கயிற்றுக்கு அது, மிச்சம் சாதாரண விளிம்பு, பழம் நறுக்க, ரொட்டி வெட்ட, அட்டைப்பெட்டி கிழிக்க. இரும்பு பிடிக்குள் கடைசி வரை ஓடுகிறது, பிடி சொரசொரப்பான ஆரஞ்சு ரப்பர், விழுந்தாலும் கண்ணில் படும். உறை பிளாஸ்டிக், கட்டைவிரலால் ஒரு தள்ளு, வந்துவிடும். வீட்டுக்கு வந்து பனிக்கட்டி போட்ட வாளியில் கை மரத்துப்போகிற வரைக்கும் வைத்து, சோப்பையும் தடவி, கண்ணை மூடிக்கொண்டு உருவிப் பார்த்தேன். வலது கையில் வந்தது, இடது கையிலும் வந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த லாரிக் கயிற்றை என் காலில் கட்டி அப்பாவை இழுக்கச் சொன்னேன், அவர் மாட்டேன் என்று அழாத குறை, கடைசியில் இழுத்தார், நான் அறுத்தேன், அவர் பின்னால் போய் அலமாரியில் மோதி உட்கார்ந்தார். சிரித்துவிட்டு இரண்டு பேரும் அழுதோம். இதை லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பட்டையில் மாட்டு, பையில் போடாதே. தினமும் எதற்காவது எடு, ஒரு ஆப்பிளுக்காவது எடு, கை அதன் இடத்தைத் தானாகத் தேடிப் போகவேண்டும்.

இதோடு என் பாரம் இறங்கியது என்றுதான் இருந்தேன். கத்தியோடு ஒரு ஜோடி கையுறையும் அனுப்பலாம், அளவு எழுதியிருக்கிறாளா பார் என்று அப்பா உன் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். நான் பயத்தில் நிறுத்திய இடத்தைத் தாண்டி வாசித்தார். கத்தியை ஒருவழியாகப் பல்லால் திறந்துவிட்டேன், ஆனால் அது புதுக் கயிறு, நல்ல கயிறு, அறுக்க மனசு வரவில்லை, முடிச்சை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் கூட வேலை செய்கிற மொட்டைத்தலை அண்ணன் ஓடிவந்து வெட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். அடிப்பாவி. கத்தி திறந்துதான் இருந்தது. திறந்த கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாயா?

அப்பா கடிதத்தைக் கீழே வைத்துவிட்டார். பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிற மனிதர், இந்த வீட்டுக்குள் வந்த எந்தக் கயிறாவது அறுபட்டதைப் பார்த்திருக்கிறாயா? மிட்டாய்ப் பெட்டியானாலும் முடிச்சை நகத்தால் நெருடி நெருடி அவிழ்த்து, விரலில் சுருட்டி, டப்பாவில் போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். நீ அவர் மடியில் உட்கார்ந்து அவிழ்த்துக் கற்றுக்கொண்டவள்தானே, கடலில் போய்த் தொங்கினாலும் அந்தப் புத்தி போகுமா! அவர் எழுந்துபோய் அந்த டப்பாவை எடுத்து வந்து மேசையில் கொட்டினார், கத்தரிக்கோலை எடுத்தார், ஒரு கயிற்றை நடுவில் பிடித்தார். வெட்ட முடியவில்லை. எனக்கே முடியலையே, அவளுக்கு எப்படி முடியும் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கத்தரிக்கோலைப் பிடித்திருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். கயிறு இரண்டானது. அப்புறம் அவரே எடுத்து எடுத்து வெட்டினார், டப்பா காலியாகிற வரைக்கும்.

கண்ணு, ஊரிலேயே நல்ல கத்தியைத் தேடி வாங்கிவிட்டேன், ஆனால் அறுக்கிற மனசை எந்தக் கடையில் வாங்கி அனுப்புவேன்? மேஸ்திரி திட்டட்டும், கூண்டு மிதந்து போகட்டும், உள்ளே இருக்கிற மீனெல்லாம் கடலுக்கே போய்ச் சேரட்டும். கயிறு உன் உடம்பில் எங்கே பட்டு இறுகினாலும் அது கயிறே இல்லை, அதற்கு விலை கிடையாது, அதில் முடிச்சு எங்கே என்று நீ தேடக்கூடாது. இது என் கெஞ்சல் என்று வைத்துக்கொள், உத்தரவு என்று வைத்துக்கொள், காலில் விழுந்தேன் என்றுகூட வைத்துக்கொள்.

இந்தக் கடிதத்தைக் கத்திக்குப் பக்கத்தில்தான் வைக்கிறேன். பெட்டியைக் கட்டும்போது புதுக் கயிறாகப் போடுங்கள், உங்களுக்குத் தெரிந்த முடிச்சையெல்லாம் போடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ இதைப் படிக்கிறாய் என்றால் அதைத் திறந்துவிட்டாய் என்று அர்த்தம். இப்போது திரும்பி அந்தக் கயிற்றைப் பார். துண்டு துண்டாகக் கிடக்கிறதா? கிடந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிடு. முழுசாக, சுருட்டி, ஓரமாக வைத்திருக்கிறாயா? அப்படியானால் வேலைக்குப் போடுகிற உன் கையுறையை மாட்டிக்கொள், உறையிலிருந்து கத்தியை உருவு, உட்கார்ந்த இடத்திலேயே அதை அறு. அறுத்துவிட்டுப் போன் செய். அறுத்தேன் என்று மட்டும் சொல், வேறு எதுவும் நான் கேட்க மாட்டேன், அன்றைக்குச் சிக்னல் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீ நூறு வயசுக்கு நன்றாக இருக்கவேண்டும், எங்களுக்குப் பின்னாலும் நெடுநாள் இருக்கவேண்டும். உப்புத்தண்ணீர் பட்டால் கத்தியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வை. பூட்ஸுக்குள் தடித்த காலுறை போட்டுக்கொள், குதிகால் கடிக்காது.

இப்படிக்கு,
உலகத்துக் கயிறெல்லாம் போனாலும் போகட்டும், நீ வேண்டும் என்று இருக்கும்
உன் அம்மா.