கொய்யாக் கொப்பில் வலைக்குண்டு

இன்று காலையில்தான் கொய்யாக் கிளைகளில் நீ கட்டிய ஈயக்குண்டுகளை அவிழ்த்தேன். வலை அடியில் தாழ்வதற்காகக் கட்டுகிற அதே குண்டுகள். ஒவ்வொன்றாக வாளிக்குள் போட்டபோது எழுந்த சத்தம், நீ கொண்டுவந்த அன்று உன் பைக்கில் தொங்கிய பையிலிருந்து வந்த சத்தம்தான். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். இத்தனை நாள் மழையும் வெயிலும் பட்ட ஈயத்தில் கடல் வாசம் எங்கே இருக்கப்போகிறது? இருந்தாலும் முகர்ந்தேன்.

"கொய்யாவ விட்டுட்டு குண்ட மோந்து பாக்கிய?" என்றாள் என் வீட்டுக்காரி. கூடப்பிறக்காவிட்டாலும் நீ தங்கச்சி என்று கூப்பிடுகிறவள்தான், வேறு யார் இப்படிக் கேட்பார்கள்.

உனக்கு நினைவிருக்கும், நீ மீன் பிடித்த பெரியதாழைக் கடற்கரைக்கு ஐஸ் வண்டி ஓட்டிவந்தவன் நான். ஊருக்கெல்லாம் ஐஸ் இறக்கியவன், அந்த ஐஸ் உருகிய பலகையிலேயே வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டேன். தோளில் போட்டுத் தூக்கி ஓடியவன் நீ. அதன்பிறகு கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவவில்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த படிப்புக்கு வேறு வேலையும் வரிசையில் நிற்கவில்லை. சாத்தான்குளத்துக்கு மேற்கே என் வீட்டுக்காரிக்கு அவள் அப்பா கொடுத்த செம்மண் நிலம் மட்டும் இருந்தது. கொய்யா வைத்தோம்.

"காய்ச்சா இருப்போம். காய்க்கலன்னா வித்துட்டு பிள்ளைகளப் படிக்க வைப்போம்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். மெதுவாகச் சொன்னாள்.

கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன. கொப்பே இல்லாமல், கொடிக்கம்பம் மாதிரி நேராக. நான் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் காட்டினேன். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாதான் பூரிப்பை இறக்கினார். இடுப்பு உயரத்தில் நுனியை வெட்ட வேண்டும், பக்கத்தில் கிளைக்கிறதில் நாலு திசைக்கு நாலை விட்டு மற்றதை எடுக்க வேண்டும், அந்த நாலையும் அகலமாகச் சாய்த்து வளர்க்க வேண்டும், மேலேயே போனால் இலைதான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு நீ வந்தாய். கடலுக்குப் போகாத நாள், சர்ச்சில் பூசை முடிந்ததும் மீனோடு வந்துவிடுவாய். நான் கத்தரியைப் பிடித்தபடி முதல் கன்றின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னலே, முடிவெட்ட வந்தவன் மாதிரி சுத்திச்சுத்தி வார?"

"வளர்ற பிள்ளய தலையில வெட்டுற மாதிரி இருக்குடே."

"உனக்கு மரம் வேணுமா, லைட்ஹவுஸ் வேணுமா?"

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். அதனால் முதல் கன்றில் நுனியும் போனது, என் சட்டை நுனியும் போனது. நீ மண்ணில் உட்கார்ந்து சிரித்தாய். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. வெட்டிய கன்றுகள் மொட்டைக் குச்சிகளாக நின்றன, நாளாகியும் ஒரு துளிரைக் காணோம். நிலம் விற்றுக் கொடுக்கிறவர் ஒருவர் வந்து வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவரை யார் வரச்சொன்னது என்று நான் கேட்கவில்லை.

நீதான் குச்சியில் மூக்கு உரசும்படி குனிந்து, "ஏலே, இங்கன பாரு" என்றாய். கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் எதிரே இன்னொன்று. உனக்கும் மரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, வலை வீசுகிற ஆள். ஆனாலும் உன் வீட்டில் ஏதோ பிறந்தது போல அன்றைக்கு மீனை நீயே கழுவி, நீயே குழம்பு வைத்தாய்.

கொப்புகள் வந்தன. வந்தவை எல்லாம் மறுபடியும் வானத்தைப் பார்த்தன. அப்போதுதான் இந்தக் குண்டுகள் வந்தன. நைலான் கயிற்றில் கோத்து, கடலில் போடுகிற முடிச்சைப் போட்டு நீ தொங்கவிட, கொப்பெல்லாம் பணிவாகச் சாய்ந்தன. அழகாகத்தான் இருந்தது. இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. ஒரு கன்றில் நல்ல கொப்பாகப் பார்த்து கயிறு பட்டையை அறுத்துவிட்டது. வாடிய அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு நீ மண்ணில் உட்கார்ந்துவிட்டாய்.

"கடல்ல முடிச்சு அவுந்தா வலை போச்சு. இங்கன இறுகுனா கொப்பு போச்சு. எனக்குத் தெரியாமப் போச்சே மக்கா."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா இருந்திச்சு?" என்றேன்.

மறு ஞாயிறு நீ இடுப்பில் கட்டுகிற நீலக்கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்து நாடா நாடாவாகக் கொண்டுவந்தாய். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, குண்டுகளைத் துணியால் தளர்வாகக் கட்டினாய். "வீட்ல அவ என்னையத் தேடுதாளோ இல்லையோ, சாரத்தத் தேடிக்கிட்டு இருக்கா" என்றாய்.

பிறகு ஒரு ஞாயிறு உன் பைக் வரவில்லை. உன் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றான்.

சாய்ந்த கொப்புகளில் வரிசையாகத் துளிர் விட்டு, பூத்து, காய்த்ததை நீ பார்க்கவில்லை. முதல் கூடையை நானும் அவளும் பஸ்ஸில் உன் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். உன் மனைவி ஒரு பழத்தைக் கையில் வைத்தபடி, "இதுக்குத்தானா அந்தச் சாரத்தக் கிழிச்சாரு" என்று சிரித்து, பிறகு அழுதார். அந்த நில ஆள் மறுபடி வந்தபோது என் வீட்டுக்காரி ஒரு பை கொய்யா கொடுத்து அனுப்பிவிட்டாள். நிலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதும்.

குண்டுகளை எப்போதோ எடுத்திருக்க வேண்டும். கொப்பு தடிக்கத் தடிக்கத் துணியைத் தளர்த்தினேனே தவிர அவிழ்க்க மனம் வரவில்லை. எடுத்தால் கொப்பு நிமிர்ந்துவிடும் என்று அவளிடம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அவளே வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். "அண்ணன் கட்டுனது போதும், அவுருங்க."

கடைசிக் குண்டையும் அவிழ்த்துவிட்டுக் கையை எடுத்தேன். கொப்பு எழும்பவில்லை. நீ சாய்த்துவைத்த இடத்திலேயே காயோடு நின்றது.

ஒரு குண்டை மட்டும் வாளியில் போடாமல் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, நொண்டிக் காலுக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்கிறாள் உன் தங்கச்சி. தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.