தெருக்கோடிக் காலி மனை

அன்புள்ள பாப்பு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தகராறு செய்துகொண்டிருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கடையைக் காலையில் மட்டும் திறக்கிறேன். புதுக் கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிட, மேலே உட்கார்ந்து நசுக்கிய பழைய ஃபிரேமை நிமிர்த்தித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம், பொழுது போகிறது. குழந்தைக்குச் சளி விட்டதா? டாக்டர் சொன்ன மருந்தை முழுசாகக் கொடு, பாதியில் நிறுத்தாதே.

போன மாதம் போனில் அம்மாவின் குரல் ஏன் அப்படி இருக்கிறது, அத்தை பேச்சை எடுத்தாலே ஏன் வேறு எதற்கோ தாவுகிறாள் என்று என்னைத் தனியாகக் கேட்டாய். அப்போது அவள் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்ததால் நான் "ம், ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இப்போது எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் ஊர்ப் பாதாளச் சாக்கடை நீ பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு போட்டது, அன்றைக்கு மேட்டுப் பக்கம் வீடே கிடையாது. இப்போது அங்கே அடுக்குமாடிகளாக நிற்கின்றன, அத்தனை பேர் குளிக்கிறதும் துவைக்கிறதும் மற்றதும் அந்தப் பழைய குழாயிலேயே இறங்கி நம் பக்கம் வருகிறது. மழைத் தண்ணீரும் விரிசல் வழியாக உள்ளே புகுந்துவிட்டால் குழாய்க்கு மூச்சு முட்டி, பள்ளத்தில் இருக்கிற வீடுகளின் கழிவறை வழியாக மேலே வந்துவிடும். அதை மாற்றத்தான் அம்மா, வடிகால் வாரிய என்ஜினீயர் என்ற முறையில், புதிதாக ஒரு குழாய்ப் பாதைக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் சரிவில் தானாக ஓடிவந்து ஒரு பள்ளத்தில் சேர வேண்டும், அங்கே பம்ப் வைத்து ஊருக்கு வெளியே இருக்கிற சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ள வேண்டும். வந்த வம்பு என்னவென்றால், அந்தப் பள்ளம் நம் தெருக்கோடியில், அத்தை வீட்டு பால்கனிக்கு நேர் எதிரே இருக்கிற காலி மனை.

வேறு இடமே இல்லையா என்று நானும் கேட்டேன். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை வீடுகளுக்கு நடுவே ஒரு இடம் இருக்கிறதாம். அங்கே வைத்தால் சத்தம் போட ஆள் இருக்காது என்று அவளுடைய மேலதிகாரியே ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆனால் அது மேடு, அங்கே வைக்க வேண்டுமானால் கிணறு மாதிரி ஆழமாகத் தோண்ட வேண்டும், பக்கத்துச் சுவர்கள் தாங்காது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, உன் அம்மா வீட்டில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், சரிவை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பள்ளிக்கூட ஹாலில் தெருக்காரர்களைக் கூட்டி விளக்கம் சொன்னார்கள். அம்மா வரைபடத்தை விரிக்கும்போதே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. நாற்றம் அடிக்கும், வீட்டு விலை இறங்கும், கொசு வரும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் எழுந்தது அத்தை. டெலிபோன் ஆபீசில் காலமெல்லாம் பேசிப் பழகிய குரல், அதற்கு மைக் எதற்கு? "ஊரெல்லாம் இடம் கெடக்க, நாத்தனார் வாசல்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டாள். ஹாலே கைதட்டியது. அம்மா, "பள்ளம் இங்கதான் இருக்கு அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வரைபடத்தைச் சுருட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றோடு அத்தை நம் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டாள். எனக்குப் போன் செய்து சாப்பிட்டாயா தம்பி என்று கேட்பாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், ஒரு பக்கம் கட்டியவள், நடுவில் நான் வாயில்லாப் பூச்சியாக இரண்டு வீட்டுக் காப்பியையும் குடித்துக்கொண்டிருந்தேன். நீ போன் செய்தது அந்தச் சமயத்தில்தான்.

அப்புறம் அந்தப் பெரிய மழை வந்தது. காலையில் அத்தை எனக்குப் போன் செய்தாள், அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை. குளியலறையிலிருந்து சாக்கடைத் தண்ணீர் பொங்கி ஹாலுக்கு வந்துவிட்டது என்றாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் அம்மா கிளம்பிவிட்டாள். அத்தை வீட்டு வாசலில் மேன்ஹோல் விளிம்பு வரைக்கும் நிரம்பி நின்றது, கீழே எங்கோ அடைப்பு. கான்ட்ராக்டரின் மேஸ்திரி கயிற்றோடு இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார், அதில் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டார். அம்மா ஓடிப்போய் நடுவில் நின்றாள், யாரும் உள்ளே இறங்கக் கூடாது, அடைப்பு எடுக்கிற இயந்திர லாரி வரட்டும் என்றாள். லாரியோ ஊரின் அந்தக் கோடியில், சுரங்கப் பாதையில் தண்ணீர் தேங்கி மாட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கெஞ்சினார், ஒரு நிமிஷ வேலை, பழக்கப்பட்ட ஆள் என்றார். மேலதிகாரி போனில் வந்து, உங்கள் நாத்தனார் வீடே முழுகுகிறதாமே, எதற்கு வீம்பு என்றாராம். மேலே பால்கனியில் அத்தை நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் வீட்டு வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, மேன்ஹோலை ஒட்டிப் போட்டு, குடையோடு உட்கார்ந்துவிட்டாள். "உள்ள இருக்கிற காத்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு மூச்சுல ஆளை எடுத்துடும். வீட்டைக் கழுவிக்கலாம், ஆள் போனா என்ன பண்றது?" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை பாப்பு, குழந்தைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருவது போலச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்காரவைத்து, யாரையும் கிட்டே விடாதீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் யாரைத் தடுப்பேன் என்று நினைத்தாளோ தெரியவில்லை, ஆனாலும் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். சட்டையைக் கழற்றியவர் அதைத் திரும்பப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். என் குடையில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். உள்ளே நடந்ததை அத்தை பிறகு சொன்னாள். அம்மா ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, கீழே இறங்கி வந்த அத்தையைக் கட்டில் மேல் ஏற்றி உட்காரவைத்து, வாளி வாளியாக அள்ளி ஊற்றினாளாம். நீ பெரிய ஆபீசர், விடு, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொன்னதற்கு, இது என் துறை அண்ணி என்றாளாம். அத்தைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததாம். மத்தியானத்துக்கு மேல் லாரி வந்தது. குழாயை விட்டுத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினார்கள், சோப்புக்கட்டி மாதிரி இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கும் துணிக் கந்தலும் உருண்டை உருண்டையாக வந்தன. மேன்ஹோலில் தண்ணீர் மடமடவென்று இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது.

இதோடு அத்தை மனம் மாறிவிட்டாள் என்று நினைக்காதே, அவள் அப்படிப்பட்டவளா? அடுத்த கூட்டத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அம்மா பேசி முடித்ததும் எழுந்து, "சுத்தி வளைக்காம சொல்லு. நாத்தம் வருமா, வராதா?" என்று கேட்டாள். மேலதிகாரி முந்திக்கொண்டு, நவீன வசதி எல்லாம் இருக்கிறது, துளிகூட வராது என்றார். அம்மா அவரை நிறுத்திவிட்டு, "வரும் அண்ணி. காத்தைச் சுத்தம் பண்ற கருவி வைப்போம், சுத்தி மரம் வைப்போம், அதனால தினமும் வராது. பம்ப் பழுதானா வரும். அன்னைக்கு நானும் இதே தெருவுலதான் இருப்பேன்" என்றாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வரும்னு சொன்ன பாரு, அது போதும் எனக்கு" என்று சொல்லிச் சம்மதத்துக்குக் கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். இரண்டு வீடு தள்ளி இருக்கும் வக்கீல் மட்டும் தூக்கவில்லை, இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவருக்கும் ஒரு நாள் கண்ணாடி உடையாமலா போகும்.

வேலை தொடங்கிவிட்டது. காலையிலேயே அத்தை பால்கனியில் உட்கார்ந்துவிடுகிறாள், தடுப்பு ஏன் வைக்கவில்லை, குழியில் இறங்கும் ஏணி ஏன் ஆடுகிறது என்று மேலிருந்தே கேட்கிறாள், மேஸ்திரி அம்மாவுக்குப் பயப்படுகிறாரோ இல்லையோ, அத்தைக்கு நன்றாகப் பயப்படுகிறார். ஒன்றுதான் எனக்கு உறுத்தல். அம்மா ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த பம்ப் ஓட ஆரம்பிக்கும், திறப்பு விழாவில் வேறு யாரோ பொத்தானை அழுத்துவார்கள். நேற்று அதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவள் புழுதி படிந்த காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு, அழுத்தினால் அழுத்தட்டும், சத்தம் நம் படுக்கையறைக்குக் கேட்கும், அது நின்றால் முதலில் எனக்குத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். ஜன்னலை நான் சாத்தவில்லை.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம், மூன்று பேரும் மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதே, டப்பாவில் ஊற்றி ஆறவைத்துக் குப்பையில் போடு, இதை எழுதினாயா என்று அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். குழந்தைக்குக் காலுறை போட்டுத் தூங்கவை.

என்றும் உன் நினைவாக,
அப்பா

(ஓரத்தில் கிறுக்கியிருப்பது அத்தை. போன் பண்ணச் சொல்லி இருக்கிறாள், அவளிடம் முதலில் பேசு, இல்லாவிட்டால் எனக்குத்தான் திட்டு.)