வாசலில் நின்ற ஜீப்பு

இயேசு மரி சூசை துணை

வண்டிப்பெரியார்
14-8-1978

அன்பு மகள் கத்தரீனாளுக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனியில் உனக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா போய்விட்டாள் என்று தந்தி கொடுத்தோமே, அதில் சொல்ல முடியாததை எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில், நெஞ்சில் பாறையைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி அம்மா சரிந்துவிட்டாள். ரோசியும் மற்றப் பெண்களும் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கில் கிடத்தி எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள். நான் பேக்டரியிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்தால் ஐஸ், முகமெல்லாம் வேர்வை. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருச்சு சூசையப்பன், ரத்தத்தைத் தள்ள இருதயத்துக்குச் சக்தி இல்ல. பிரஷர் எழுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது. டிரிப்புல மருந்து போட்டிருக்கேன். கோட்டயம் போனாலும் அடைப்பை எடுக்க வழி கிடையாது, இந்த மழையில மலை இறங்கினா பாதி வழிகூடத் தாங்காது. ஜீப்பு நிக்குது, நீங்க சொல்லுங்க" என்றார். நான் வேண்டாம் என்றேன்.

உள்ளே வந்தால் அம்மா, "எனக்குப் பயமா இருக்குங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறாள். முப்பது வருசத்தில் தனக்கென்று எதுவும் கேட்காதவள். ஜீப்பு வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். டிரைவர் சாவியோடு வராந்தாவில் நிற்கிறான். "ஜீப்பு வந்திருச்சா" என்று இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் வளைவில் வருகிறது என்றேன். நாலு மணிக்கு அடங்கிவிட்டாள். அதற்கு முன்னே பாதர் வந்து எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்ததெல்லாம் எனக்கு நினைவில் இல்லை, ரோசி சொல்லித்தான் தெரியும்.

உங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் டியூப் விட்டு அடைப்பைப் படமெடுக்கிறார்கள், ஆப்ரேஷனும் செய்கிறார்கள் என்று ஈஸ்டருக்கு எழுதியிருந்தாய். நீ படித்தவள், கேட்கிறேன். பிரஷர் எழுபதில் கிடந்தவளை ஜீப்பில் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்கு ஆறுதல் சொல்ல எழுதாதே மகளே, நர்சாக எழுது. எதுவானாலும் தெரிந்துகொண்டு இருப்பேன், தெரியாமல் இருக்க முடியவில்லை.

இதற்காக வேலையை விட்டு வந்துவிடாதே. பட்டினி கிடக்காதே, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். செப்டம்பர் ஏழாம் தேதி முப்பதாம் நாள் பூசை, அன்றைக்கு நீயும் கோயிலுக்குப் போ. ஆண்டவர் உன்னைக் கைவிடாதிருக்கட்டும்.

உன் தம்பி மிக்கேல்ராஜுக்கு ஜீப்பு விஷயம் தெரியாது. அதற்கான பதிலைத் தனித்தாளில் எழுதி, என் பேர் போட்டு ஒட்டி உள்ளே வை, அவன்தான் கடிதத்தைப் பிரித்து எல்லோருக்கும் வாசிப்பான்.

உன் அப்பா
சூசையப்பன்